விலாசம்: கொழும்புத் தமிழ்ச் சிறுவணிகரும் வாடிக்கையாளர் ஏடும்

விலாசம் என்னும் சொல் தமிழ் வழக்கில் இரு பொருள்படும். கடித உறையின்மீது எழுதப்படும் முகவரி ஒன்று. மற்றையது வணிகர்க்கே உரியது. நாட்டுக்கோட்டை நகரத்தார் தம் முன்னோர், தந்தையார், பங்காளர் ஆகியோரது பெயர்களின் முதலெழுத்துக்களைக் கோத்து அமைத்துக்கொண்ட தொழிற்பெயரினையும் விலாசம் என்றே வழங்கினர். கொழும்புச் செட்டியார் தெருவிலே ஓர் உண்டியல் கைமாறுங்கால் அதிலுள்ள விலாசத்தைக் கண்ட அளவிலேயே அதற்குரிய குடும்பமும் அக்குடும்பத்தின் நாணயமும் பிறர்க்குப் புலப்பட்டன. ஒருவன் யாவன் என்பதையும் அவனை எங்கே காணலாம் என்பதையும் ஒரே சொல்லால் உணர்த்திய இவ்வழக்கு, கொழும்புத் தமிழ் வணிகத்தின் வரலாற்றை விளங்கிக்கொள்வதற்கு ஒரு திறவுகோலாக அமைகின்றது.

இன்று வெள்ளவத்தையிற் சிறு புடவைக்கடை நடத்துபவரும், கல்கிசைத் தொடர்மாடி ஒன்றிலிருந்து பலகாரம் செய்து விற்பவரும் முகநூல், வட்ஸ்அப், மின்னஞ்சல் ஆகியவற்றின் வாயிலாக வாடிக்கையாளரைத் தேடுகின்றனர். கருவி புதிது என்பதில் ஐயமில்லை. ஆயின் அக்கருவி எழுப்பும் வினா புதிதன்று. இந்நகரத் தமிழ் வணிகர்க்கு வாடிக்கையாளரை அழைத்தல் என்பது நெடுங்காலமாகவே இருமுனை கொண்ட செயலாக இருந்துவந்துள்ளது. தன்னை நாடி வருவோர்க்குத் தன் இடத்தை அறிவிக்கும் வணிகன், நலம் நாடாதோர்க்கும் அதே இடத்தை அறிவித்துவிடுகின்றான். எனவே எதனை உரக்கக் கூறுவது, எதனை ஏட்டில் மட்டும் எழுதிவைப்பது என்பதே அவன் தொழிலின் நுட்பமாயிற்று.

அச்சு விளம்பரத்தின் வளர்ச்சியை விரிவாகக் கூறவேண்டியதில்லை. 1930ஆம் ஆண்டிற் கொழும்பில் வீரகேசரியைத் தொடங்கிய சுப்பிரமணியம் செட்டியார் நகரத்தார் மரபினர் என்பதும், 1932இல் தினகரன் அதனைப் பின்தொடர்ந்தது என்பதும் யாவரும் அறிந்தவை. நாளேடுகள் தோன்றியபின் மலையகத்திலும் யாழ்ப்பாணத்திலும் இருந்தோர் கொழும்புக் கடைகளின் பெயர்களைத் தம் ஊரிலிருந்தே அறியலாயினர். கடிதம் எழுதித் தபாலிலே பொருள் பெறவும் இயன்றது. எனினும் சிறுகடைக்காரர்க்கு நாளேட்டு விளம்பரம் எட்டாக் கனி. அவர் நம்பியிருந்தவை இரண்டு. ஒன்று, ஆண்டுப் பிறப்பிற்கு வழங்கும் கலண்டர். கடையின் பெயரையும் தெய்வப் படத்தையும் தாங்கி ஓராண்டு முழுதும் வீட்டுச் சுவரிலே தொங்கிய விளம்பரம் அது. மற்றையது கடன் கொப்பி. யார் எத்தெருவில் உள்ளார், அவர் வீட்டில் எப்போது திருமணம் நிகழும், சம்பளம் எந்நாளில் வரும் என்பன கடன் கொப்பி வைத்திருந்தவனுக்குத் தெரியும். இக்கால விற்பனைத் துறையினர் பெரும்பொருள் செலவிட்டுத் திரட்டும் செய்திகளை அக்காலப் பலசரக்குக் கடைக்காரர் ஒரு பென்சிற் துண்டைக்கொண்டு திரட்டினார் என்றால் மிகையாகாது.

வானொலியின் வரலாறு சற்று ஊன்றி நோக்கத்தக்கது. 1950ஆம் ஆண்டில் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை ஆரம்பமாயிற்று. 1952இல் இந்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சராகிய கேஸ்கர் திரைப்படப் பாடல்களுக்கு அகில இந்திய வானொலியில் இடமளிக்க விரும்பாமையால் நேயர்கள் கொழும்பின் பக்கம் திரும்பினர். அவர்களைத் தொடர்ந்து இந்திய நிறுவனங்களின் விளம்பரங்களும் கடல்கடந்து வந்தன. இந்திய வானொலியின் விவித பாரதி 1967ஆம் ஆண்டு வரை விளம்பரங்களை ஏற்கவில்லை. எஸ். பி. மயில்வாகனன் முதலிய அறிவிப்பாளர்களின் குரல் தமிழகத்துச் சிற்றூர்களிலும் வீட்டுக் குரலாயிற்று. இங்கே கருதத்தக்கது யாதெனின், நேயர் விருப்ப நிகழ்ச்சிகளைப் பலர் பாடலுக்காக மட்டும் கேட்கவில்லை. தபாலட்டையில் எழுதி அனுப்பிய தம் பெயரும் தம் ஊரும் வாசிக்கப்படுவதைக் கேட்பதற்காகவும் காத்திருந்தனர். மக்கள் தம் பெயர்களைத் தாமே உவந்து அனுப்ப, அப்பெயர்களைச் சூழ்ந்து வணிக விளம்பரம் ஒலித்தது. பிற்காலச் சமூக ஊடகங்களின் அடிப்படை உத்தி இதுவே என்க. ஆயினும் வானொலியாற் பயனடைந்தோர் பெரும்பாலும் பெருநிறுவனத்தினரே. சிறுகடைக்காரர் தம் கடையில் வானொலியை உரக்க ஒலிக்கவிட்டு, பாடல் கேட்க நின்றவரை உள்ளே அழைத்ததோடு அமைந்தார்.

இனி, மறுமுனையை நோக்குதல் வேண்டும். 1956இல் தனிச்சிங்களச் சட்டம் நிறைவேறியது. 1958ஆம் ஆண்டின் முற்பகுதியில் மோட்டார் வாகனங்களின் சிங்கள ஸ்ரீ எழுத்துப் பற்றிய பிணக்கு மூண்டபோது, தெற்கிலே பெயர்ப்பலகைகளின் தமிழ் எழுத்துக்கள்மீது தார் பூசப்பட்டது. அழைப்பதற்காக எழுதப்பட்ட எழுத்தே அடையாளம் காட்டும் எழுத்தாயிற்று. 1983 யூலையில் நிகழ்ந்தது அதனினும் கொடிது. வெள்ளவத்தையிலும் நகரின் ஏனைய பகுதிகளிலும் தமிழர் கடைகளும் வீடுகளும் எரியூட்டப்பட்டன. தாக்கியோர் சிலரின் கைகளில் வாக்காளர் பட்டியல்கள் காணப்பட்டன என்பது அவ்வன்செயல் பற்றிய நூல்கள் பலவற்றிற் பதிவாகியுள்ளது. பலகையிற் பெயரில்லாத வீடுகளும் அப்பட்டியல்களால் இனங்காணப்பட்டன. பெயரும் விலாசமும் அடங்கிய ஓர் ஏடு யார் கையில் உள்ளது என்பது உயிருக்கும் உடைமைக்கும் உரிய வினாவாயிற்று. அன்று எரிந்த கடைகளுடன் எரிந்துபோன கடன் கொப்பிகள் எத்தனை என்று எவரும் கணக்கெடுத்ததில்லை. வணிகன் தன் சரக்கை மீண்டும் வாங்கலாம். காப்புறுதி இருந்தால் ஒரு பகுதி ஈடும் பெறலாம். யார் யார் தன் வாடிக்கையாளர் என்ற அறிவினை எந்தக் காப்புறுதியும் ஈடுசெய்வதில்லை.

அகதி முகாம்களிலிருந்து கப்பலேறி வடக்கே சென்றோர் ஒருபுறம். கனடா, பிரித்தானியா, சுவிற்சர்லாந்து, ஜேர்மனி என்று சிதறியோர் மறுபுறம். சிலவிடத்துக் கடை எஞ்சியது, வாடிக்கையாளர் இல்லை. பின்னர் வடக்கின் போரினால் இடம்பெயர்ந்தோர் வந்து குடியேற, வெள்ளவத்தை மீண்டும் நிறைந்தது. 1990களில் காலி வீதி நெடுகிலும் பெருகிய ‘கொமியூனிகேஷன்’ கடைகள் இக்காலத்தின் சின்னங்கள். கண்ணாடிக் கூண்டினுள் நின்று வெளிநாட்டிலுள்ள மகனோடு பேசும் தாய்மார் வாசலில் வரிசையாக அமர்ந்திருந்தனர். 1995இல் இலங்கையில் வர்த்தக அடிப்படையிலான இணையச் சேவை தொடங்கியபின் அக்கடைகளிற் சிலவற்றிற் கணினியும் வந்தது. தொலைநகலின் இடத்தை மின்னஞ்சல் பிடித்தது. திருமணக் கூறையின் படத்தைப் புலம்பெயர்ந்த மணமகளுக்குக் காட்டவும், தாலிக்கொடியின் அமைப்பைக் கேட்டறியவும் மின்னஞ்சல் பயன்பட்டது. சிதறிய வாடிக்கையாளர் ஏடு இவ்வாறு கண்டங்கள் கடந்து மீளக் கட்டப்படலாயிற்று.

அதில் ஓர் இடர் இருந்தது. கொழும்பிற் பெரிதும் வழங்கிய பாமினி போன்ற எழுத்துருக்களில் தமிழ் எழுத்துக்கள் ஆங்கில எழுத்துக்களின் குறியிடங்களிலேயே அமைந்திருந்தன. அனுப்பியவர் தமிழிலே எழுதிய மடல், அவ்வெழுத்துரு இல்லாதவர் கணினியிற் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தோன்றியது. ஆகவே வணிகர் ஆங்கிலத்தில் எழுதினர். அன்றேல் தமிழ் விளம்பரத்தைப் படமாக்கி அனுப்பினர். 1991இலேயே ஒருங்குறியில் தமிழ் இடம்பெற்றதெனினும், அது கடைக்காரரின் மேசையை வந்தடைய ஒரு பதின்மத்துக்கு மேலாயிற்று.

மின்னஞ்சல் விளம்பரத்தின் உலக வரலாறும் ஒரு பட்டியலோடுதான் தொடங்குகின்றது. 1978ஆம் ஆண்டு மே 3ஆந் திகதி, அமெரிக்கக் கணினி நிறுவனமொன்றில் விற்பனைத் துறையிற் பணியாற்றிய கேரி துவர்க், இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெற் வலையமைப்பில் ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். அவ்விலாசங்கள் அச்சிட்ட விபரக் கொத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தட்டச்சுச் செய்யப்பட்டவை. அவற்றிற் பல உரிய கட்டத்துள் அடங்காது மடலின் உடலுக்குள்ளேயே வழிந்தோடின. பெற்றோர் சினந்தனர். விலாசம் அச்சில் இருந்தது என்பதனால் அதற்கு எழுத உரிமை உண்டாயிற்றா என்னும் வழக்கு அன்று தொடங்கியது.

கொழும்பில் அவ்வினாவின் கனம் வேறு. போர்க்காலத்தில் தலைநகரத் தமிழர் தம் பெயர்களைப் பொலிசிற் பதிவுசெய்யவேண்டியிருந்தது. 2007ஆம் ஆண்டு யூன் 7ஆந் திகதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை முதலிய பகுதிகளின் விடுதிகளிலிருந்த தமிழர் 376 பேர் பஸ்களில் ஏற்றப்பட்டு வடக்குக் கிழக்கிற்கு அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது; பிரதமர் வருத்தம் தெரிவித்தார். இந்நினைவுகள் உள்ள ஊரில், காசாளர் மேசையருகே ஒரு படிவத்தை நீட்டிப் பெயரும் முகவரியும் தொலைபேசி இலக்கமும் எழுதும்படி கேட்பது வெறும் வணிக நடைமுறையன்று. எழுதிக் கொடுப்பவர் ஒரு நம்பிக்கையினை ஒப்படைக்கின்றார்.

முகநூல் 2007இல் வணிகர்க்கெனப் பக்கங்களை ஏற்படுத்தியது. போர் 2009இல் முடிந்தபின் கைத்தொலைபேசியும் இணையமும் மலிந்தன. பெயர்ப்பலகையின்றி, கடை வாடகையின்றி, வீட்டிலிருந்தவாறே வாடிக்கையாளரைப் பெறும் வழி முதன்முறையாகச் சிறுவணிகர்க்குக் கிட்டியது. பெண்கள் பலர் தையல், பலகாரம், கேக் ஆகிய தொழில்களிலே தம் பெயரால் ஈடுபட இது துணைசெய்தது என்பது எவ்விதக் குறைகூறலாலும் மறைக்கப்படலாகாது. ஆயின் இவ்வேடு வணிகனது அன்று. பக்கத்தைப் பின்தொடர்வோர் ஆயிரவராயினும் அவர்தம் விலாசம் வணிகன் கையில் இல்லை. 2018 சனவரியில் நண்பர், உறவினர் பதிவுகளுக்கே முதலிடம் என முகநூல் தன் முறையை மாற்றியபோது, வணிகப் பக்கங்களின் பதிவுகள் முன்போற் சென்றடையாது போயின. சென்றடையப் பணம் கட்டவேண்டியதாயிற்று. வாடகைக் கடையின் வாசலை வீட்டுக்காரர் ஓரிரவில் அடைத்ததை ஒப்பது இது.

இரண்டு மாதத்தில் அரசும் அவ்வாசலை அடைத்தது. கண்டி மாவட்டத்தில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டபோது, வெறுப்புரை பரவுவதைத் தடுப்பதற்கென 2018 மார்ச் 7 முதல் ஒரு வாரமளவு முகநூலும் வட்ஸ்அப்பும் முடக்கப்பட்டன. தன் தளம் அவ்வன்செயலில் வகித்த பங்கிற்காக அந்நிறுவனம் 2020இல் மன்னிப்புக் கேட்டது. 2019 ஏப்பிரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, கொட்டாஞ்சேனையை அடுத்த கொச்சிக்கடை அந்தோனியார் திருத்தலம் உட்படப் பல இடங்களிற் குண்டுகள் வெடித்தன. அன்றே ஊடகங்கள் மீண்டும் முடக்கப்பட்டன. தொடர்ந்து முஸ்லிம் கடைகளைப் புறக்கணிக்குமாறு கோரும் செய்திகள் அதே ஊடகங்களிற் பரவின. பலகையின்மீது தார் பூசிய கையும் பட்டியலோடு தெருவில் வந்த கையும் திரையினுள்ளும் நுழைந்துவிட்டன என்றே கொள்ளவேண்டும். இம்முறை குறிவைக்கப்பட்டோர் வேறு சமூகத்தினர்.

2020 மார்ச்சில் தொற்றுநோய் காரணமாகப் பிறப்பிக்கப்பட்ட ஊரடங்கு கொழும்பில் மே மாத இறுதிவரை நீடித்தது. கடைகள் பூட்டியிருக்க, பொருள் கேட்டோரின் செய்திகள் கைத்தொலைபேசிகளில் வந்து குவிந்தன. வாடிக்கையாளரின் இலக்கங்களை முன்பே குறித்துவைத்திருந்த கடைக்காரர் மறுநாளே முச்சக்கர வண்டியில் அரிசியும் மரக்கறியும் அனுப்ப முற்படலாம். முகநூற் பக்கத்தை மட்டும் நம்பியிருந்தவரோ யாருக்கு எழுதுவதென்று அறியார். 2021 ஒக்டோபர் 4ஆந் திகதி அந்நிறுவனத்தின் சேவைகள் அனைத்தும் உலகெங்கும் ஏறத்தாழ ஆறு மணிநேரம் செயலிழந்தன. 2022 ஏப்பிரல் 3இல் இலங்கை அரசு மறுபடியும் சமூக ஊடகங்களை முடக்கியது. அந்நாள்களில் மின்னஞ்சல் வழமைபோலச் சென்றது. மின்னஞ்சல் எவரொருவருக்கும் சொந்தமான வாசலன்று. விலாசத் தொகுதியும் வணிகனிடமே இருக்கும். அதனைக்கொண்டு மின்னஞ்சலே சிறந்ததெனத் துணிவதும் பொருந்தாது. வெள்ளவத்தைச் சந்தைக்கு வரும் மூதாட்டி மின்னஞ்சல் பார்ப்பவரல்லர். அவர் பார்ப்பது பேரப்பிள்ளையின் குரற்செய்தி வரும் வட்ஸ்அப். மின்னஞ்சல் நிலைத்திருப்பது ரொறன்ரோவிலும் இலண்டனிலும் உள்ள வாடிக்கையாளரிடத்தேயாம்.

வட்ஸ்அப்பின் ஒலிபரப்புப் பட்டியலில் ஒரு விதி உண்டு. அனுப்புபவரின் இலக்கத்தைத் தம் தொலைபேசியிற் சேமித்துவைத்திருப்பவருக்கு மட்டுமே அச்செய்தி சென்றடையும். வாடிக்கையாளரின் பெயர் வணிகனின் ஏட்டில் இருந்தாற் போதாது. வணிகனின் பெயரும் வாடிக்கையாளரின் ஏட்டில் இருத்தல்வேண்டும். பொறியியலாளர் எக்காரணம் பற்றி வகுத்தனராயினும், செட்டியார் தெருவின் விலாச முறைக்கு இதனினும் நெருங்கிய விதியை அக்கருவியிற் காணல் அரிது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும், விளம்பரச் செய்தி அனுப்புவதற்குப் பெறுநரின் சம்மதம் வேண்டும் என்று விதந்துரைக்கின்றது. ஆனால் சிறுகடைகளின் ஏடு சட்டம் கருதும் அலுவலகக் கணினிகளில் இருப்பதில்லை. அது பெரும்பாலும் முதலாளியின் கைத்தொலைபேசியிலோ, விற்பனையில் நிற்கும் இளைஞனின் கைத்தொலைபேசியிலோ உள்ளது. அவ்விளைஞன் கனடாவுக்கோ எதிர்க்கடைக்கோ செல்லும் நாளில் அவ்வேடும் அவனது சட்டைப்பையிலேயே செல்கின்றது.