ஸிஸ்-5வி: போர்க்கால மரக்கேபின் லாரி

ஸிஸ்-5வி என்பது இரண்டாம் உலகப் போரின்போது சோவியத் ஒன்றியத்தில் எஃகைச் சிக்கனப்படுத்த மரக்கேபினோடு கட்டப்பட்ட மூன்று டன் இராணுவ லாரி. மாஸ்கோவின் ஸ்டாலின் மோட்டார் ஆலையில் 1933 இறுதியில் உற்பத்தி தொடங்கிய ஸிஸ்-5இன் போர்க்கால வடிவம் இது. பெயரின் கடைசியிலுள்ள ‘வி’ போர்க்காலத் தயாரிப்பைக் குறிக்கும். ஓட்டுநர்கள் இந்த வண்டிக்கு ‘ஸாகர் இவானிச்’ என்று ஆள் பெயரே வைத்திருந்தார்கள். செய்தது பல்லாயிரம் என்றாலும், போர்க்கால மரப்பகுதியோடு அப்படியே தப்பிய வண்டிகள் மிகக் குறைவு. அடிச்சட்டமும் எஞ்சினும் அரை நூற்றாண்டைத் தாண்டி நின்றன. பைன் பலகை மக்கிப்போயிற்று.

இதன் பூர்வீகம் அமெரிக்கா. ஆட்டோகார் நிறுவனத்தின் லாரியைப் பின்பற்றி அமோ-2, அமோ-3 என்ற வண்டிகள் முதலில் வந்தன. அவற்றைத் திருத்தி ஸிஸ்-5ஐ வடிவமைத்த குழுவுக்குத் தலைவர் யெவ்கேனி வாஜின்ஸ்கி. அவர் 1938இல், ஸ்டாலின் காலக் களையெடுப்பில் சுட்டுக் கொல்லப்பட்டார்; அவருடைய லாரிதான் பின்னர் படையின் சுமையைத் தாங்கியது. எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 101.6 மி.மீ., பிஸ்டன் வீச்சு 114.3 மி.மீ. மெட்ரிக் அளவில் வடிவமைப்பவர் யாரும் இப்படிப்பட்ட எண்களைத் தேர்ந்தெடுக்க மாட்டார். அங்குலத்தில் பார்த்தால் அவை 4ம் 4½ம். ஆறு சிலிண்டர், 5.55 லிட்டர், 73 குதிரைத்திறன், நான்கு கியர், மணிக்குச் சுமார் 60 கி.மீ. வேகம். மட்டமான பெட்ரோலிலும் ஓடியது. படையினருக்கு இந்த வண்டி பிடித்துப்போனதற்கு அதுவே பாதிக் காரணம்.

1941 அக்டோபரில் ஜெர்மானியப் படை மாஸ்கோவை நெருங்கியபோது ஆலையின் இயந்திரங்கள் ரயிலேற்றப்பட்டு உல்யானோவ்ஸ்க், மியாஸ், செல்யாபின்ஸ்க், ஷாத்ரின்ஸ்க் ஆகிய ஊர்களுக்குப் போயின. 1942இல் உல்யானோவ்ஸ்கிலும் மீண்டும் மாஸ்கோவிலும் லாரிகள் வெளிவரத் தொடங்கியபோது, தகட்டை ஆழமாக அழுத்தி வளைக்கும் வசதி இல்லை, தகடே இல்லை. எதையெல்லாம் விட்டுவிட்டாலும் வண்டி ஓடுமோ, அதையெல்லாம் விட்டார்கள். உருண்டு வளைந்த மட்கார்டுக்குப் பதில் தகட்டை மடித்துப் பற்றவைத்த கோணல் மட்கார்டு. இரண்டு ஹெட்லைட்டில் இடப்பக்கத்து ஒன்று மட்டும். முன்சக்கர பிரேக் கிடையாது. முன்பம்பர் கிடையாது. கேபினுக்குப் பலகை, ஏறும் படிக்கும் பலகை. சுமைப்பெட்டியில் மூன்று பக்கமும் இறங்கிய இடத்தில் பின்கதவு மட்டும் இறங்கும். 1944 ஜூலை 8 அன்று மியாஸில் முதல் வண்டி உருண்டது. அங்கே ‘உரால்ஸிஸ்’ என்ற பெயரில் அதே மரக்கேபின், போர் முடிந்த பிறகும் 1950களின் நடுப்பகுதி வரை நீடித்தது. அடையாளம் காண்பவருக்குத் தலைவலி தொடங்குவதும் இங்கேதான்.

அடையாளம் காணுதல்

மரக்கேபின் இருக்கிறது, ஆகவே போர்க்கால வண்டி என்று முடிவுகட்டுவது முதல் பிழை. 1950இல் மியாஸில் கட்டியதற்கும் பலகைதான். மறுபக்கம், போருக்கு முந்தைய ஸிஸ்-5இன் கேபினுக்கும் உள்ளே மரச்சட்டமே இருந்தது. மேலே போர்த்தியது தகடு. ஆகவே வித்தியாசம் எலும்பில் இல்லை, தோலில் இருக்கிறது. தகடு போர்த்திய சட்டத்தில் ஓரம் நெடுக ஆணித்துளைகள் நெருங்கி ஓடும். பலகை அடித்த சட்டத்தில் ஒவ்வொரு பலகைக்கும் ஓரிரண்டு துளை, இடைவெளி விட்டு விட்டு. சட்டத்தில் ஒரு முழ நீளம் உளுக்காமல் கிடைத்தால் போதும், இதைப் படித்துவிடலாம்.

பலகையைவிட இரும்பு நம்பகமான சாட்சி. முதலில் முன் ஆக்ஸில். போர்க்கால வண்டியின் முன்சக்கரக் குடத்தோடு பிரேக் டிரம் இராது. டிரம் இருந்தால் வண்டி போருக்கு முந்தியதாகவோ பிந்தியதாகவோ இருக்கலாம். பின்னாளில் பணிமனையில் ஆக்ஸிலையே மாற்றியிருக்கவும் கூடும். அடுத்து வலது ஹெட்லைட் இருக்க வேண்டிய இடம். போர் முடிந்து கூட்டுப்பண்ணைக்கோ மரம் வெட்டும் முகாமுக்கோ போன வண்டிக்குக் கண்டிப்பாக யாராவது இரண்டாவது விளக்கு மாட்டியிருப்பார்கள். ஆலையில் போட்ட துளை நேராக, ஓரம் சுத்தமாக இருக்கும். பட்டறைத் துளை அப்படி இருப்பதில்லை. மட்கார்டின் மடிப்பையும் தடவிப் பார்க்க வேண்டும். பற்றவைத்த கோடு விரலில் தட்டுப்பட்டால் போர்க்கால முறை. வழவழவென்று வளைந்து இறங்கினால் அழுத்து எந்திரத்தின் வேலை.

எண்களை அளவோடு நம்ப வேண்டும். எஞ்சின் எண் எஞ்சினைப் பற்றித்தான் பேசும். இந்த வண்டிகளில் எஞ்சின் மாற்றுவது சட்டை மாற்றுவது மாதிரி. சட்ட எண், வார்ப்புப் பாகங்களில் உள்ள ஆலை முத்திரை, துருவுக்கு அடியிலுள்ள பெயிண்ட் அடுக்குகள் ஆகிய மூன்றையும் சேர்த்துப் படித்தால்தான் கதை பிடிபடும். பின்லாந்துப் படை கைப்பற்றி ஓட்டிய ஸிஸ் லாரிகளும் உண்டு. அவற்றில் பெயிண்ட் அடுக்கு வேறு வரலாறு சொல்லும்.

இதே காலத்தின் காஸ்-எம்எம் லாரியோடு இதைக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. அது கோர்க்கி நகரத்து ஒன்றரை டன் வண்டி, நான்கு சிலிண்டர், உருவத்தில் சிறியது. அதன் சிக்கனம் வேறு வழியில் போனது: 1942இல் கூரைக்கும் கதவுக்கும் பதிலாகக் கித்தான் துணி. மட்கார்டின் கோணலும் ஒற்றை விளக்கும் இரண்டுக்கும் பொது.

‘சரியான ஸிஸ்-5வி எப்படி இருக்கும்?’ என்ற கேள்விக்கு ஒரே வரைபடத்தை நீட்டுகிறவரைச் சந்தேகிக்கலாம். அன்றைக்குக் கையிருப்பில் எது இருந்ததோ அதைப் பூட்டி அனுப்பிய காலம் அது. பழைய கையிருப்பு மட்கார்டும் புதிய பலகைக் கதவும் ஒரே வண்டியில் சேர்ந்திருந்தால் அதைப் பிழை என்று தள்ள முடியாது.

மரவேலை

கேபின் கட்டுவதற்கு முன்னால் செய்யவேண்டியது, பழைய கேபினைப் பிரிக்காமல் அளப்பது. நொறுங்கிய மரத்தைக் கையில் எடுத்தால் உதிரும். நின்றபடி நின்றால் அளவு சொல்லும். ஒவ்வொரு சட்டத்துக்கும் அட்டையில் படி வெட்டி, இரும்பு மூலைத்தகடுகள், கீல்கள், போல்ட் துளைகளின் இடத்தைக் குறித்துக்கொள்கிறார்கள். மரம் போனாலும் கீலும் மூலைத்தகடும் பெரும்பாலும் எஞ்சும். அவற்றின் துளைகளுக்கிடையே உள்ள தூரமே கதவின் தடிப்பையும் தூணின் அகலத்தையும் கணக்கிட்டுத் தந்துவிடும்.

மரம் பைன். உள்ளூரில் உயர்ந்த சாதி மரம் கிடைக்கிறதே என்று மாற்றத் தோன்றும். எடையும் மாறும், திருகாணி பிடிக்கும் விதமும் மாறும். நன்கு உலர்ந்த மரமாக இருப்பது அதைவிட முக்கியம். ஈரம் மிச்சமிருந்தால் முதல் கோடையிலேயே நாக்கும் காடியும் விலகி, பலகைக்கு நடுவே வெளிச்சம் தெரியும். கழுந்தையும் பொளியையும் இக்காலப் பசையால் இறுக்கி அசையாமல் ஒட்டிவிடுவது அடுத்த தவறு. இந்த லாரியின் அடிச்சட்டம் மேடுபள்ளத்தில் முறுக்கிக்கொண்டு ஓடுகிற வகை. போல்ட்டும் மூலைத்தகடும் பிடித்த கேபின் கிறீச்சிட்டுக்கொண்டே அந்த முறுக்கோடு வளைந்து கொடுக்கும். கல் போல ஒட்டிய கேபின் கண்ணாடிச் சட்டத்தின் மூலையில் விரியும். கிறீச்சொலி வரட்டும் என்று விட்டுவிடுவதே நல்லது.

பிறகு மெருகு. தச்சருக்குக் கை அரிக்கும்: இழைப்புளி போட்டு, நரம்பு தெரிய வார்னிஷ் பூசி, பித்தளைத் திருகாணி வைத்து. கண்காட்சிகளில் இப்படி மரப்பெட்டி போல மின்னும் கேபின்களைப் பார்க்க முடிகிறது. அழகுதான், ஆனால் அவசரத்தில் கட்டி முனைக்கு அனுப்பிய லாரிக்கு அந்த அழகு பொய். ஆலையில் பலகையின் மேல் நேராக 4பிஓ எனப்படும் பச்சை எண்ணெய்ப் பெயிண்ட் அடித்தார்கள். உள்ளேயும் சொகுசு ஏதுமில்லை. ஒற்றைக் கீறல் தலைகொண்ட எஃகுத் திருகாணி, ஒரே சீராக இல்லாத பலகை அகலம், பெயிண்டுக்கு அடியில் தெரியும் கணு இவையெல்லாம் குறைகள் அல்ல, தடயங்கள். பச்சையின் அசல் சாயலைக் கீலுக்கு அடியில் தேடலாம். வெயிலும் பின்னாளின் தூரிகையும் தொடாத இடம் அது.

இயந்திரப் பகுதி

இங்கே சிக்கல் குறைவு. உரால்ஸிஸ் நெடுங்காலம் ஓடியதால் பாகங்கள் கிடைக்கும். கடினமான ஒன்று எஞ்சினின் பேபிட் பேரிங். உருக்கி ஊற்றிக் கடைந்து எடுக்கத் தெரிந்த கைகள் அருகிவிட்டன. டயர் 34×7 அங்குலம், அதாவது 20 அங்குல விளிம்பு. அந்த விளிம்புக்குப் பொருந்தும் வேறு டயரைப் போட்டு ஓட்டுகிறார்கள். கியர்பெட்டியில் சின்க்ரோமெஷ் இல்லை, கிளட்சை இருமுறை மிதித்தே மாற்ற வேண்டும்.

60 லிட்டர் பெட்ரோல் தொட்டி இருக்கைக்கு அடியில், மரக்கேபினுக்கு உள்ளேயே இருக்கிறது. தொட்டியையும் குழாயையும் புதுப்பித்து, கசிவில்லை என்று உறுதிசெய்த பிறகே கேபினை ஏற்ற வேண்டும். பின்சக்கர பிரேக்கை மட்டும் நம்பி இன்றைய சாலையில் ஓட்டத் தயங்கும் சிலர் முன் ஆக்ஸிலை மாற்றி டிரம் பூட்டுகிறார்கள். ஓடுகிற வண்டிக்கு அது நியாயமே. கழற்றிய ஆக்ஸிலைப் பழைய இரும்புக்குப் போடாமல், மாற்றிய நாளோடு குறிப்பெழுதி வண்டியின் பேரில் வைத்திருக்க வேண்டும். புதிதாகச் சேர்த்த ஒவ்வொரு பலகையின் உட்புறத்திலும் ஆண்டைச் சூடு போட்டுப் பொறிப்பது மரவேலைக்கு உரிய குறிப்பு. வெளியே தெரியாது, அடுத்து பிரித்துப் பார்ப்பவருக்கு எது 1943, எது நேற்றையது என்று குழப்பம் வராது.