எஸ்கேப் விசை எங்கே போனது?

மடிக்கணினி வாங்க வழியில்லாத எங்களில் பலருக்குக் கைபேசிதான் கணினி. அதில டெர்முக்ஸைப் போட்டு விம் திருத்தியைத் திறந்தால் முதல் கேள்வி: எஸ்கேப் விசை எங்கே? "இது பெரிய விசைப்பலகை வைச்சிருக்கிற ஆக்களின்ர சாமான்" எண்டு மூடிவிடத் தோன்றும். வரலாறு வேறு கதை சொல்கிறது.

விம்மின் முன்னோடி வீஐ. 1976 அளவில் பெர்க்லியில் பில் ஜோய் அதை எழுதத் தொடங்கினார். அவர் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ முனையத்தில் அம்புக்குறிகளுக்குத் தனி விசைகள் கிடையாது. எச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே அம்புகள் அச்சாகியிருந்தன. எஸ்கேப் விசையோ இன்று டாப் இருக்கும் இடத்தில், விரலுக்குப் பக்கத்தில். தொலைபேசி இணைப்பின் வேகம் செக்கனுக்கு 300 பிட். திரையில் எழுத்து ஊர்ந்துதான் வரும். ஆகவே கட்டளைகளும் சுருங்கின: டி விசையை இரண்டு தரம் தட்டினால் ஒரு வரி அழியும்.

1991இல் பிராம் மூலெனார் வெளியிட்ட விம்மும் அந்தச் சிக்கனத்தைக் காத்தது. ஈமாக்ஸ் போல இரண்டு மூன்று விசைகளைச் சேர்த்துப் பிடிக்கும் வேலை இதில் குறைவு; ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டினால் போதும். இரண்டு பெருவிரலுக்கு அது தோதுதானே?

எஸ்கேப்பும் தொலையவில்லை. டெர்முக்ஸில் ஒலியைக் கூட்டும் பொத்தானோடு 'இ' விசையை அழுத்தினால் வரும். வசதி குறைந்த முனையத்தில் பிறந்த கருவி இது. கைபேசி மட்டும் உள்ள நாங்கள் இதைவிட்டு ஒதுங்கத் தேவையில்லை.