சமோவாத் தீவுகளும் கொள்ளைநோயும்



பசிபிக் பெருங்கடலின் நடுவே சமோவா என்றொரு தீவுக் கூட்டம் உண்டு. அங்குள்ள பூர்வகுடி மக்களுக்கு மொழி ஒன்று, உறவுமுறை ஒன்று. ஆண்டவர்கள்தாம் வேறு வேறு. கிழக்குத் தீவுகள் 1900ஆம் ஆண்டு முதல் அமெரிக்கர் வசம் இருந்தன. மேற்குத் தீவுகளை 1914இல் ஜெர்மானியரிடமிருந்து நியூசிலாந்து கைப்பற்றியது.

1918 நவம்பர் 7ஆம் நாள், ஆக்லாந்திலிருந்து வந்த 'தலூன்' என்னும் கப்பல் மேற்கிலுள்ள ஆப்பியா துறைமுகத்தை அடைந்தது. உலகெங்கும் கோடிக்கணக்கானோரைப் பலிகொண்ட இன்புளுயன்சா விஷக்காய்ச்சல் அக்கப்பலில் இருந்தது. ஆயினும் பயணிகள் கரையிறங்க அனுமதிக்கப்பட்டனர். சில வாரங்களுக்குள் சுமார் 8,500 பேர் மாண்டனர். அதாவது, ஐந்தில் ஒருவருக்கும் மேல். வீட்டிலுள்ள அனைவரும் ஒரே சமயத்தில் படுத்துவிட்டபடியால் சமைத்துப் போடவோ தண்ணீர் கொடுக்கவோ ஆளில்லை. காய்ச்சலுக்குத் தப்பியிருக்கக் கூடியவர்களும் பசியால் போனார்கள்.

கிழக்கில் ஆளுநராக இருந்தவர் ஜான் பாயர். கம்பியில்லாத் தந்தியில் வந்த செய்திகளால் அவர் நோயைப் பற்றி முன்னரே அறிந்துகொண்டார். (வானொலியில் பேசும் நான் இதைச் சொல்லாமல் விடலாமா?) வந்த கப்பல்களைத் தனித்து நிறுத்தினார். கிராமத்து மக்களே கடற்கரையில் காவலிருந்து, மேற்கிலிருந்து வந்த படகுகளைத் திருப்பி அனுப்பினார்கள். சொந்தக்காரர்கள் வந்த படகுகளும் அவற்றில் இருந்திருக்கும். அங்கே இந்நோயால் ஓர் உயிரும் போகவில்லை. மேற்கிற்கு உதவ முன்வந்து பாயர் செய்தியும் அனுப்பினார். அங்கிருந்த நிர்வாகி இராபர்ட் லோகன் அதை ஏற்கவில்லை. அந்தக் கசப்பு பின்னாளில் விடுதலை இயக்கத்துக்கு உரமாயிற்று. 1962இல் மேற்குச் சமோவா சுதந்திரம் பெற்றது. 2002இல் நியூசிலாந்துப் பிரதமர் எலன் கிளார்க் மன்னிப்புக் கேட்டார்.

1918இல் இந்நோய்க்குத் தக்க தடுப்பூசி இல்லை. வாசலை அடைப்பதொன்றே வழி. நூறாண்டு கழித்து வந்த தட்டம்மைக்கோ ஊசி இருந்தது. நம் தோட்டப் பள்ளியில் ஊசி போடும் நாளில், ஒதுங்கப் போன பையன் திரும்பி வரமாட்டான். ஆனால் பிடித்து வந்துவிடலாம். சமோவாவில் ஊசிக்கு அஞ்சியவர்கள் பெற்றோர்கள். அதற்குக் காரணமும் இருந்தது. 2018 ஜூலையில் இரு தாதியர் தடுப்பூசி மருந்தைத் தண்ணீருக்குப் பதிலாக வேறொரு மருந்தில் தவறாகக் கலந்து போட்டதால் இரண்டு குழந்தைகள் இறந்தன. தடுப்பூசியில் குற்றமில்லை என்பது பிறகு தெரிந்தது. ஆனால் அரசாங்கம் மாதக்கணக்கில் ஊசித் திட்டத்தையே நிறுத்தி வைத்தது. என் கருத்தில், கலக்கியதைவிடப் பெரிய தவறு இதுதான். பத்துக் குழந்தைகளில் ஏறக்குறைய மூவருக்கே ஊசி போட்டிருந்த நிலை உண்டாயிற்று.

2019 இறுதியில் தட்டம்மை புகுந்தது. 83 பேர் மாண்டனர். பெரும்பாலோர் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள். டிசம்பர் 5, 6 ஆகிய இரு நாட்கள் அரசாங்க அலுவலகங்கள் மூடப்பட்டன. ஊசி போடாதவர்கள் உள்ள வீட்டின் முன் சிவப்புத் துணி கட்டச் சொன்னார்கள். மருத்துவக் குழுவினர் அந்தத் துணிகளைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினர். மூன்று மாதங்களுக்குப் பின் கோவிட் நோய் உலகைச் சூழ்ந்தபோது, சமோவா மறுபேச்சின்றித் துறைமுகத்தையும் விமான நிலையத்தையும் அடைத்தது. 2022 மார்ச்சில் அந்நோய் ஊருக்குள் பரவத் தொடங்கியபோது, பெரியவர்களில் மிகப் பெரும்பாலோர் ஊசி போட்டிருந்தனர்.