பழைய ஜப்பானிய வீடியோ கேம் வாங்கப் போறீங்களா? பேட்டரி முதல் வோல்டேஜ் வரை... தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

90-களில் பள்ளி லீவு விட்டதும் டிவி-யில் மாட்டி விளையாடிய மரியோ, கான்ட்ரா ஞாபகம் இருக்கா? நம்மூர் கடைகளில் அப்போது விற்ற அந்த வீடியோ கேம் பெட்டிகளில் பல, ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1983-ல் வெளியிட்ட 'ஃபேமிகாம்' கன்சோலின் நகல்கள். அன்று நகலில் விளையாடியவர்களில் சிலர் இன்று ஒரிஜினலையே தேடிப் பிடித்து வாங்குகிறார்கள். ஆன்லைனில் ஆர்டர் போட்டால் ஜப்பானிலிருந்து வீட்டுக்கே வந்துவிடுகிறது.

ஆனால் காசு கொடுத்து வாங்கியாச்சு, இனி இந்த கேம் எப்பவும் நம்மகிட்ட இருக்கும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். கேசட்டுக்குள் பேட்டரி தீரும். டிஸ்க் கெட்டுப்போகும். ஆன்லைன் ஸ்டோரை மூடிவிடுவார்கள். ஒவ்வொரு தலைமுறை கன்சோலுக்கும் ஒவ்வொரு பலவீனம். அது எது என்று தெரிந்துகொண்டு வாங்கினால் பணமும் தப்பும், கேமும் தப்பும்.

எந்தக் காலத்தில் எந்த கன்சோல்?

ஜப்பானிய கன்சோல்களை மூன்று காலமாகப் பிரித்துப் பார்த்தால் புரிந்துகொள்வது சுலபம்.

கேசட் காலம்: ஃபேமிகாம் (1983), செகா மெகா டிரைவ் (1988), கையடக்க கேம் பாய் (1989), சூப்பர் ஃபேமிகாம் (1990), நின்டெண்டோ 64 (1996).

டிஸ்க் காலம்: செகா சாட்டர்னும் சோனி பிளேஸ்டேஷனும் 1994-ல் சில நாள் இடைவெளியில் வந்தன. அதன் பிறகு டிரீம்காஸ்ட் (1998), பிளேஸ்டேஷன் 2 (2000), கேம்கியூப் (2001). இதில் பிளேஸ்டேஷன் 2 மட்டும் உலகம் முழுக்க சுமார் 16 கோடி விற்றது.

டவுன்லோடு காலம்: வீ, பிளேஸ்டேஷன் 3 ஆகிய இரண்டும் 2006-ல் வந்தன. அடுத்து 3டிஎஸ் (2011), ஸ்விட்ச் (2017), ஸ்விட்ச் 2 (2025). டிஸ்க்கும் கேசட்டும் இருந்தாலும், ஆன்லைன் ஸ்டோரில் மட்டுமே கிடைக்கும் கேம்கள் பெருகியது இந்தக் காலத்தில்தான்.

கேசட்டுக்குள் ஒரு பேட்டரி... அது தீர்ந்தால்?

காலக்கணக்கில் பார்த்தால் கேசட் டிஸ்க்கைவிட உறுதியானது. 40 வயதான ஃபேமிகாம் கேசட் இன்றும் ஓடும். பிரச்சனை, நாம் விளையாடிய இடத்தைச் சேமித்து வைக்கும் 'சேவ்' விஷயத்தில்.

பல கேசட்டுகளில் சேவ் தகவல் ஒரு சின்ன மெமரி சிப்பில் இருக்கும். கரண்ட் இல்லாதபோதும் அந்த சிப் அதை மறக்காமல் இருக்க, உள்ளேயே ஒரு நாணய பேட்டரியை வைத்து சால்டர் செய்திருப்பார்கள். இது பொதுவாக 15, 20 ஆண்டுகள் தாங்கும். சிலது அதற்கு மேலும் ஓடும். அது தீர்ந்த நாளில் கேம் ஓடும், ஆனால் சேவ் அழிந்துவிடும். புதிதாக சேவ் செய்தாலும் நிற்காது.

1999-ல் கேம் பாய்க்கு வந்த போகிமான் கோல்டு, சில்வர் கேம்களுக்குள் பகல் இரவு காட்டும் கடிகாரமும் உண்டு. சேவ், கடிகாரம் இரண்டுக்கும் ஒரே பேட்டரி என்பதால் சீக்கிரம் தீர்ந்தது. 2002-ல் வந்த ரூபி, சஃபையர் கேம்களில் சேவ் வேறு வகை மெமரிக்கு மாறிவிட்டது. அதில் பேட்டரி தீர்ந்தால் கடிகாரம் மட்டும் நிற்கும், சேவ் பத்திரமாக இருக்கும்.

அப்போ என்ன பண்ணலாம்? பேட்டரியை மாற்றலாம். ஆனால் கழற்றினால் பழைய சேவ் போய்விடும். அதனால் முதலில், கேசட்டில் இருக்கும் சேவ்-ஐ கம்ப்யூட்டருக்கு எடுக்க உதவும் கருவி வைத்து நகல் எடுக்க வேண்டும். பிறகு சால்டரிங் தெரிந்தவரிடம் கொடுத்து மாற்றுவது நல்லது. பள்ளி நாட்களில் வளர்த்த போகிமான் இன்னும் அந்த கேசட்டில் இருந்தால், இதைத் தள்ளிப்போடாதீங்க.

இன்னொன்று, கேம் ஓடலைன்னா கேசட்டை வாயால் ஊதுவது. ஊர் உலகம் முழுக்க செய்த வேலைதான். ஊதும்போது போகும் ஈரம், உள்ளே இருக்கும் உலோகப் பின்களை அரிக்கும். வேண்டாம் என்று நின்டெண்டோவே சொன்னது. காட்டன் பட்ஸில் கொஞ்சம் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டு பின்களைத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு மாட்டினால் போதும்.

டிஸ்க்: கீறல் மட்டும்தான் எதிரியா?

சிடி வாங்கும்போது எல்லாரும் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்போம். படம் அச்சிட்ட மேல்பக்கத்தையும் பாருங்க. சிடி-யில் தகவல் இருக்கும் படலம் அந்த அச்சுக்கு அடியில்தான் இருக்கிறது. அடிப்பக்கக் கீறலை பாலிஷ் செய்து சரிசெய்ய முடியும். மேல்பக்கம் ஆழமாகக் கீறியிருந்தால் சரிசெய்ய வழியில்லை. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் சின்னச் சின்ன ஓட்டைகளாக வெளிச்சம் தெரிந்தால், அந்தப் படலம் அரித்திருக்கலாம்.

டிஸ்க் நன்றாக இருந்தாலும், அதைப் படிக்கும் கன்சோலின் லேசர் வயதாக வயதாக பலவீனமாகும். அதனால் டிஸ்க் டிரைவை எடுத்துவிட்டு, மெமரி கார்டிலிருந்து கேம் ஓட்டும் போர்டு பொருத்திக்கொள்பவர்களும் இருக்கிறார்கள்.

சாட்டர்ன் வைத்திருப்பவர்கள் கவனிக்க: அதன் சேவ் கன்சோலுக்குள் இருக்கும் ஒரு சிஆர்2032 பேட்டரியை நம்பித்தான் இருக்கிறது. பின்பக்க மூடியைத் திறந்து நாமே மாற்றிக்கொள்ளலாம். பிளேஸ்டேஷன் மெமரி கார்டுக்கு இந்தக் கவலை இல்லை, அதற்குள் பேட்டரியே கிடையாது.

டவுன்லோடு கேம்: கடையை மூடினால்?

கெட்டுப்போக டிஸ்க்கே இல்லை என்றாலும், மொத்தமாகக் காணாமல் போவது இந்த வகையில்தான். வீ கன்சோலின் ஆன்லைன் கடை 2019 ஜனவரி 30-ல் மூடப்பட்டது. 3டிஎஸ், வீ யூ கடைகளில் 2023 மார்ச் 27-க்குப் பிறகு எதையும் வாங்க முடியாது. ஏற்கெனவே வாங்கியதை மறுபடி டவுன்லோடு செய்வதற்கு மட்டும் வழி விட்டார்கள்.

2021-ல் பிளேஸ்டேஷன் 3, வீட்டா ஸ்டோர்களையும் மூடப்போவதாக சோனி அறிவித்தது. ரசிகர்கள் எதிர்ப்பு கிளம்பியதும், அடுத்த மாதமே அந்த முடிவிலிருந்து பின்வாங்கியது.

'பி.டி.' கதை இன்னும் மோசம். 2014-ல் பிளேஸ்டேஷன் 4-க்கு இலவசமாக வந்த திகில் கேம் டெமோ அது. 2015-ல் கோனாமி நிறுவனம் அதை ஸ்டோரிலிருந்து எடுத்துவிட்டது. டவுன்லோடு செய்து அழித்தவர்களாலும் மறுபடி எடுக்க முடியவில்லை.

புதிய ஸ்விட்ச் 2-விலும் ஒரு விஷயம் கவனிக்கணும். சில கேம்கள் 'கேம் கீ கார்டு' வடிவில் வருகின்றன. பார்க்க கேசட் மாதிரியே இருக்கும், உள்ளே முழு கேம் இருக்காது. கார்டைச் செருகி, இன்டர்நெட்டில் டவுன்லோடு செய்துதான் விளையாட வேண்டும். சேகரிப்பவர்கள் அட்டையில் இந்தக் குறிப்பு இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது.

ஜப்பான் கேம் எல்லா கன்சோலிலும் ஓடுமா?

ஓடாது. பல கன்சோல்களில் 'ரீஜியன் லாக்' உண்டு. ஒரு நாட்டுக்கான கேம் இன்னொரு நாட்டுக் கன்சோலில் ஓடாமல் தடுக்கும் பூட்டு இது.

ஓடும்: கேம் பாய், கேம் பாய் அட்வான்ஸ், ஸ்விட்ச். பிளேஸ்டேஷன் 3, 4, 5 கேம்களும் அநேகமாக எல்லாமே ஓடும்.

ஓடாது: பிளேஸ்டேஷன் 1, 2, சாட்டர்ன், டிரீம்காஸ்ட், கேம்கியூப், வீ, 3டிஎஸ்.

ஃபேமிகாம் கேசட்டுக்கு 60 பின். அதையே அமெரிக்காவில் என்இஎஸ் என்ற பெயரில் விற்றபோது 72 பின்னாக மாற்றினார்கள். அதனால் ஒன்று மற்றொன்றில் நேரடியாகப் பொருந்தாது. நம்மூர் நகல் பெட்டிகள் பல 60 பின் என்பதால், ஒரிஜினல் ஜப்பான் கேசட் அதில் பொருந்துவதைப் பார்க்கலாம்.

ஸ்விட்ச் 2 வாங்குவோர் உஷார். ஜப்பானில் 49,980 யென்னுக்கு விற்கத் தொடங்கிய மலிவு மாடலில் ஜப்பானிய மொழி மட்டும்தான் இருக்கும். ஜப்பான் அக்கவுண்ட்டை மட்டுமே அதில் இணைக்க முடியும்.

நேரா பிளக்கில் சொருகாதீங்க!

ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். இந்தியாவில் 230 வோல்ட். அங்கிருந்து வந்த பழைய கன்சோலை நேராக நம்ம பிளக்கில் மாட்டினால் அடாப்டரோ கன்சோலோ கருகிவிடும். அடாப்டரில் 'இன்புட்' என்று போட்டிருப்பதைப் படியுங்கள். 100-240 வோல்ட் என்றிருந்தால் பயமில்லை. 100 என்று மட்டும் இருந்தால், 230-ஐ 100 ஆகக் குறைக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். பிளக்கின் வடிவத்தை மட்டும் மாற்றும் சின்ன கன்வர்ட்டர் வோல்டேஜைக் குறைக்காது.

டிவி-யில் படம் வரலையே?

முதல் ஃபேமிகாமில் ஏவி வயர் கிடையாது. ஆன்டெனா வழியாக, ஜப்பான் டிவி சேனல் எண்களில்தான் படம் வரும். நம்ம டிவி-யில் அதைப் பிடிப்பது பெரும்பாடு. 1993-ல் ஏவி இணைப்போடு வந்த புதிய வடிவ ஃபேமிகாம் வாங்கினால் இந்தத் தலைவலி இல்லை.

ஏவி வயர் இருந்தாலும், பழைய கன்சோல் அனுப்பும் படத்தை இன்றைய எல்இடி டிவி-கள் பல சரியாகப் புரிந்துகொள்ளாது. படம் மங்கும். பட்டனை அழுத்தியதற்கும் மரியோ குதிப்பதற்கும் நடுவே சின்னத் தாமதம் வரும். சிக்னலை எச்டிஎம்ஐ-க்கு மாற்றும் தரமான அப்ஸ்கேலர் அல்லது பழைய டியூப் டிவி, இரண்டில் ஒன்று வேண்டும். வாத்து சுடும் துப்பாக்கி கேம் என்றால் டியூப் டிவி-யில் மட்டும்தான் வேலை செய்யும்.

வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

ஜப்பானில் டோக்கியோவின் அகிஹபாரா, ஒசாகாவின் டென் டென் டவுன் ஆகிய பகுதிகள் பழைய கேம் கடைகளுக்குப் பேர் போனவை. பழைய கேம் விற்பனை அங்கே சட்டப்படியே நடக்கிறது. கேம் நிறுவனங்கள் இதை எதிர்த்து வழக்கு போட்டன. 2002-ல் ஜப்பான் உச்ச நீதிமன்றம் கடைக்காரர்கள் பக்கம் தீர்ப்பு சொன்னது.

ஆன்லைனில் வாங்கினால் மூன்று ஜப்பானிய வார்த்தைகள் தெரிந்தால் போதும். 'ஜங்க்கு' என்றால் உத்தரவாதம் இல்லாத பொருள், ஓடாமலும் போகலாம். 'டோசா மிகாகுனின்' என்றால் ஓட்டிப் பார்க்கவில்லை. 'ஹாகோ செட்சு ட்சுகி' என்றால் அட்டைப் பெட்டி, கையேடு இரண்டும் உண்டு. கூரியர் செலவையும் கஸ்டம்ஸ் வரியையும் கூட்டித்தான் விலையைக் கணக்கு போடணும்.

சூப்பர் ஃபேமிகாம் மஞ்சளித்துப் போயிருந்தால் பயப்பட வேண்டாம். பிளாஸ்டிக் எரியாமலிருக்கச் சேர்த்த ரசாயனத்தால் வரும் நிறமாற்றம் அது. ஓடுவதை அது பாதிக்காது. போகிமான் கேசட்டுகளில் போலி அதிகம், அதனால் உள்ளே இருக்கும் போர்டின் படத்தைக் கேட்டு வாங்குங்கள்.

விலை எவ்வளவு ஏறும்? 2021-ல் பிரிக்காத சூப்பர் மரியோ 64 ஒன்று 15.6 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. பெட்டியைப் பிரித்தால் அந்த மதிப்பே போய்விடும். விளையாட ஆசைப்படுபவர்களுக்கு, பெட்டி இல்லாத வெறும் கேசட்டே லாபம். விலையும் குறைவு, கேம் அதே கேம்தான்.

ஜப்பானிய மொழி தெரியாதே?

சண்டை, ஓட்டம், கார் ரேஸ் கேம்களுக்கு மொழியே தேவையில்லை. கதை சார்ந்த ரோல்பிளே கேம்கள்தான் கஷ்டம். 2006-ல் வந்த 'மதர் 3' இன்றுவரை அதிகாரப்பூர்வமாக ஆங்கிலத்தில் வரவில்லை, ரசிகர்களே மொழிபெயர்த்தார்கள். 1995-ல் ஜப்பானில் வந்த 'செய்கென் டென்செட்சு 3' அதிகாரப்பூர்வமாக ஆங்கிலத்துக்கு வர 2019 ஆனது.

அப்போ, பழைய கேம்களை யார் காப்பாத்துறாங்க?

2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான கேம்களில் 87% இன்று கடையில் வாங்கக் கிடைக்காது என்கிறது 'வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன்' 2023-ல் வெளியிட்ட ஆய்வு. ஜப்பானின் தேசிய நாடாளுமன்ற நூலகம் 2000 முதல் புத்தகங்களைப் போலவே வீடியோ கேம்களையும் சேகரிக்கிறது. ஃபேமிகாமை வடிவமைத்த மசாயுகி உஎமுரா, பிற்காலத்தில் கியோட்டோவின் ரிட்சுமெய்கான் பல்கலைக்கழகத்தில் கேம் ஆய்வுக்கே தன் நேரத்தைக் கொடுத்தார்.

நிறுவனங்களும் தங்கள் பழைய கேம்களில் கொஞ்சத்தை நின்டெண்டோ ஸ்விட்ச் ஆன்லைன் சந்தாவிலும், 2016-ல் 30 கேம்களோடு வந்த குட்டி ஃபேமிகாம் போன்றவற்றிலும் தருகின்றன. ஒரிஜினல் தேடி அலைய நேரமில்லாதவர்களுக்கு இதுவே போதும். இணையத்தில் அனுமதியில்லாமல் பகிரப்படும் கேம் ஃபைல்களை எடுப்பது காப்புரிமை மீறல் என்பதையும் மறக்க வேண்டாம்.

சுருக்கமா சொன்னா...

• வாங்கும் முன்: ரீஜியன் லாக், வோல்டேஜ், டிவி இணைப்பு மூன்றையும் பாருங்கள்.

• கேசட்: சேவ்-ஐ நகல் எடுத்து, பிறகு பேட்டரி மாற்றுங்கள்.

• டிஸ்க்: இரண்டு பக்கமும் பாருங்கள். ஈரமும் வெயிலும் படாத இடத்தில், சிலிகா ஜெல் பையோடு நிமிர்த்தி வையுங்கள்.

• டவுன்லோடு கேம்: கடை திறந்திருக்கும்போதே டவுன்லோடு செய்து கன்சோலில் வைத்துக்கொள்ளுங்கள்.

• வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஒவ்வொன்றையும் மாட்டி ஓட்டிப் பாருங்கள். சேவ் இருக்கா, லேசர் படிக்குதா என்பது அப்போதுதான் தெரியும். அப்படியே ஒரு ஆட்டம் ஆடிட்டும் வைக்கலாம்!