இலங்கைக்கு வந்த கமரா வில்லைகள்



பாலமுனையில் நான் அதிபராகப் பணிபுரியும் அரசினர் பாடசாலைக்குப் பழைய மாணவர் சிலர் கமரா ஒன்றை அன்பளிப்பாகத் தர முன்வந்தனர். கமராவைத் தாங்களே தெரிந்து கொண்டதாகவும், அதற்கு எந்த வில்லை வேண்டும் என்பதை நாங்கள் அறிவித்தல் வேண்டும் எனவும் எழுதியிருந்தனர். ஆசிரியர் ஓய்வறையில் அன்று எழுந்த வாதம் சிறிதன்று. கரைவலை இழுப்போரைத் தொலைவில் நின்றே படம்பிடிக்க நீண்ட வில்லை வேண்டும் என்றார் ஒருவர். பரிசளிப்பு விழாவின் மேடை முழுவதும் ஒரே படத்தில் அடங்க அகன்ற வில்லையே தக்கது என்றார் மற்றொருவர். எல்லாவற்றுக்கும் ஏற்ற ஒரே வில்லை கிடையாதா என்று கேட்டார் கணித ஆசிரியர். அவர் கேட்ட கேள்வி புகைப்படக் கலையின் வயதையொத்தது. அதற்குக் கிடைத்த விடைகளுட் சில நமது நாட்டிலேயே எழுதப்பட்டவை.

வில்லை வருமுன் துளை இருந்தது. பஸ்றாவிற் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல் ஹைதம் என்னும் பேரறிஞர், 11ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், சூரிய கிரகணத்தின் பிறை வடிவம் சிறு துளையூடாக எதிர்ப்பரப்பில் விழுவதை ஆராய்ந்தார். துளை சிறிதாயின் பிறை தெளிவாகத் தெரிகிறது. பெரிதாயின் வடிவம் மங்கி வட்டமாகிவிடுகிறது. தெளிவு வேண்டின் ஒளியை இழத்தல் வேண்டும். ஒளி வேண்டின் தெளிவை இழத்தல் வேண்டும். இந்தச் சங்கடத்தைத் தீர்க்கவே துளையில் வில்லை வைக்கப்பட்டது. வாயில் பெரிதாயினும் வில்லை ஒளியைக் குவித்துத் தெளிவான உருவைத் தரும். ஆனால் ஒன்று: ஒரு குறிப்பிட்ட தூரத்திலுள்ள பொருளுக்கே அத்தெளிவு கிட்டும். முன்னும் பின்னும் உள்ளவை கலங்கும். வாயில் அகல அகலக் கலக்கமும் மிகும்.

1839ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் டாகரின் புகைப்பட முறை வெளியிடப்பட்டபோது, அன்றைய வில்லைகள் உட்செலுத்திய ஒளி மிகக் குறைவு; மனிதர் பல நிமிடங்கள் அசையாதிருத்தல் வேண்டும். மறு ஆண்டே வியன்னாவில் ஜோசப் பெட்ஸ்வால் என்னும் கணிதப் பேராசிரியர் புதிய வில்லை ஒன்றைக் கணித்தார். பீரங்கிப் படையினர் சிலர் அவருக்காகக் கணக்குப் போட்டுக் கொடுத்தனர் என்பதை எங்கள் கணித ஆசிரியர் மிகவும் இரசித்தார். அவ்வில்லையின் வாயில் அதன் குவியத் தூரத்தில் 3.6இல் ஒரு பங்கு. முந்தியவற்றிலும் பார்க்கப் பதினைந்து மடங்குக்கு மேல் ஒளியை அது உட்கொண்டது. நடுவில் நல்ல தெளிவும் ஓரங்களில் கலக்கமும் உடையதாகையால் முகங்களைப் படம்பிடிப்பதற்கு உகந்ததாயிற்று, கட்டடங்களுக்கு ஒவ்வாததாயிற்று.

கட்டடங்களைப் படம்பிடிப்போருக்கு வேண்டியது வேறு. கண்டியில் தொழில் நடத்திய ஜோசப் லோட்டன் 1870–71ஆம் ஆண்டுகளில் அனுராதபுரம், பொலன்னறுவை, சீகிரியா ஆகிய இடங்களின் சிதைவுகளைப் படம்பிடித்தார். கண்ணாடித் தட்டில் இரசாயனத்தைப் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே படம்பிடித்து, அவ்விடத்திலேயே கூடாரத்துள் கழுவி எடுக்க வேண்டிய காலம் அது. தூண்கள் அசைவதில்லை, ஆகவே நேரம் நீளலாம், வாயில் சுருங்கலாம். ஆனால் நேர்கோடு வளைந்து தெரிதல் கூடாது. நேர்கோட்டை நேர்கோடாகவே காட்டும் சமச்சீர் வில்லைகளை 1866இல் இலண்டனில் டால்மேயரும் மியூனிக்கில் ஸ்டைன்ஹைலும் தனித்தனியே வெளியிட்டிருந்தனர்.

இனி, நான் சொல்ல விரும்பும் பெண்மணியிடம் வருகிறேன். கோல்புறூக் – கமரன் சீர்திருத்தங்களைப் படியாமல் நம் நாட்டில் எந்த மாணவரும் வரலாற்றுப் பாடத்தைக் கடந்து போவதில்லை. அந்தக் கமரனின் மனைவி ஜூலியா மார்கரெட் கமரன் புகைப்பட வரலாற்றில் தலைசிறந்த இடம் பெற்றவர் என்பதை நமது பாடநூல்கள் சொல்வதில்லை. 1815இல் கல்கத்தாவிற் பிறந்த இவருக்கு, 1863 டிசம்பரில், 48ஆம் வயதில், மகளும் மருமகனும் கமரா ஒன்றைப் பரிசளித்தனர். அதன் வில்லை பிரான்சில் செய்யப்பட்டது; குவியத் தூரம் ஏறத்தாழ 12 அங்குலம். 1866இல் 15 அங்குலத்துக்கு 12 அங்குலம் கொண்ட தட்டுக்கள் ஏற்கும் பெரிய கமராவையும், 30 அங்குலக் குவியத் தூரமுடைய டால்மேயர் வில்லையையும் அவர் வாங்கினார்.

கோடு பிசகாதிருக்க வேண்டுமென்று செய்யப்பட்ட அதே வகை வில்லைதான்! அதை அவர் மனித முகத்துக்கு நேரே நிறுத்தினார். அதன் வாயில் குவியத் தூரத்தில் எட்டிலொரு பங்கு, அதாவது நான்கு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. அத்தகைய வாயிலைக் கொண்டு அருகிலுள்ள முகத்தைப் பெரிதாகப் பிடித்தால், கண் தெளிந்து நிற்கக் காது கலங்கிப்போகும். இருப்பவரும் சில நிமிடங்கள் மூச்சடக்கி இருத்தல் வேண்டும். 1867இல் வானியலறிஞர் ஹேர்ஷலையும் 1868இல் டார்வினையும் அவர் எடுத்த படங்கள் இன்றும் போற்றப்படுகின்றன. குவியம் தவறிய படங்கள் என்று அன்றைய புகைப்படக் கழகத்தார் ஏளனஞ் செய்தனர். தம் கண்ணுக்கு அழகாகத் தெரிந்த இடத்தில் வில்லையைத் திருப்புவதை நிறுத்திவிட்டதாக அவர் தமது முற்றுப்பெறாத நினைவுக் குறிப்பில் விளக்கினார். என் எண்ணத்தில், கழகத்தார் வில்லையை அறிந்திருந்தனர். அவ்வம்மையார் முகத்தை அறிந்திருந்தார்.

1875இல் இருவரும் இலங்கைக்கு வந்தனர். களுத்துறையில் அவர் தோட்டத் தொழிலாளரையும் ஊர்மக்களையும் படம்பிடித்தார். இங்கு எடுத்தவற்றுள் இன்று எஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு. 1879 ஜனவரியில் டிக்கோயாப் பகுதியில் காலமான அவர் பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார். அப்படங்களில் ஒன்றின் பெயர் 'களுத்துறைக் குடியானவர் குழு' எனப் பொருள்படும். இங்கிலாந்தில் எடுத்த படங்களின் கீழ் டார்வின், ஹேர்ஷல், டெனிசன் எனப் பெயர்கள் உண்டு. களுத்துறையில் அக்குழுவாக நின்றவருக்குப் பெயர் இல்லை. முகத்தை இத்துணை அருகிற் சென்று நோக்கிய ஒருவரும் பெயரைக் கேட்டெழுதாமற் போனாரே என்ற மனக்குறை எனக்கு உண்டு.

நிற்க. 1925இல் ஜெர்மனியில் லைக்கா கமரா விற்பனைக்கு வந்தது. 1930 முதல் அதில் 35, 50, 135 மில்லிமீற்றர் வில்லைகளை மாற்றிப் பொருத்தும் வசதி பிறந்தது. எந்த வில்லை என்ற கேள்வி ஒவ்வொரு படத்துக்கும் எழுந்தது அப்போதுதான். கொழும்பின் லயனல் வென்ட் இத்தலைமுறையைச் சேர்ந்தவர். சட்டம் பயின்று பியானோ இசையில் தேர்ந்தவர். 1934இன் 'சோங் ஒப் சிலோன்' திரைப்படத்துக்குக் குரல் கொடுத்தவர். லைக்காவையும், வில்லை மாற்ற இயலாத ரோலிபிளெக்ஸையும் அவர் கையாண்டார். 1938இல் இலண்டன் கமராக் கழகத்தில் அவரது படங்கள் தனிக் கண்காட்சியாக வைக்கப்பட்டன. 1944 டிசம்பரில் அவர் மறைந்தார்.

எங்கள் ஓய்வறை வாதத்துக்கு மீள்வோம். நீண்ட வில்லை தூரத்துப் பொருளைப் பெரிதாக்குமேயன்றி, அப்பொருளுக்கும் நமக்கும் இடையிலுள்ள தூரத்தைக் குறைப்பதில்லை. முகத்தின் சாயல் நாம் நிற்கும் இடத்தையே பொறுத்தது. அகன்ற வில்லையால் முகம் நிரம்ப எடுக்க மிக அருகில் நெருங்குவோம். மூக்குப் பெருக்கும், காது ஒடுங்கும். ஐந்தாறடி தள்ளி நின்றால் முகம் இயல்பாய் அமையும். நீர்ப்பறவைகளுக்கும் விளையாட்டுப் போட்டிக்கும் நீண்ட வில்லை தவிர வேறு வழியில்லை. விளக்கு மங்கிய மண்டபத்துக்கு வாயில் அகன்ற வில்லை வேண்டும். குவியத் தூரம் மாறும் 'சூம்' வில்லை வசதியானதே. ஆயினும் மலிவானவற்றில் வாயில் ஒடுக்கம். எமது கடற்காற்றின் ஈரத்தில் எந்த வில்லையிலும் பூஞ்சணம் படரும். ஈரமுறிஞ்சும் சிலிக்காப் பொதியுடன் மூடிவைத்தல் அவசியம்.

36 மில்லிமீற்றர் அகலமுள்ள படப்பரப்பில் 50 மில்லிமீற்றர் வில்லை இயல்பான காட்சியைத் தரும். எங்களுக்குக் கிடைக்கும் கமராவின் உணரி அதிலும் சிறியது. அதில் 35 மில்லிமீற்றர் வில்லையே அவ்வேலையைச் செய்யும். வாயில் அகன்ற 35 மில்லிமீற்றர் வில்லை ஒன்றே போதும் என்று எழுதினோம். நீண்ட வில்லை கேட்ட ஆசிரியருக்கு இன்னும் மனத்தாங்கல் உண்டு.

வில்லை வந்தது. முதற்படத்துக்கு மாணவி ஒருத்தி குறிப்பேட்டுடன் கடற்கரைக்குச் சென்றாள். கரைவலை இழுக்கும் முதியவர் ஒருவர் ஆறடி தூரத்தில் நின்றார். தமது பெயரை இருமுறை சொல்லி, அவள் எழுதியதை வாசிக்கச் செய்து சரிபார்த்த பின்னரே அவர் கமராவை நோக்கி நிமிர்ந்தார்.