மாத்தளை மாவட்டத்தின் மின்னுற்பத்தி: நீரும் வெயிலும்

இலங்கையின் மத்திய மாகாணத்தில் 1,993 சதுர கிலோமீற்றர் பரப்பில் கிடக்கும் மாத்தளை மாவட்டத்தை மின்சாரத்தின் கண்ணோடு பார்த்தால் அது இரண்டு நிலங்களின் சேர்க்கை. தெற்கிலும் கிழக்கிலும் நக்கிள்ஸ் மலைத்தொடரின் சரிவுகள். சுது கங்கை, களு கங்கை முதலிய ஆறுகள் அங்கிருந்து இறங்கி அம்பன் கங்கையில் சேர்ந்து மகாவலியை நோக்கி ஓடுகின்றன. வடக்கே தம்புள்ளை, கலேவெல, சீகிரியா என உலர் வலயத்துச் சமவெளி. முன்னது நீர்மின்சாரத்துக்கும் பின்னது சூரிய மின்சாரத்துக்கும் ஏற்றது என்பது வரைபடத்தைப் பார்த்தவுடனேயே தெரியும். ஆனால் இரண்டையும் தனித்தனி மூலங்களாக வைத்து, எது எத்தனை மெகாவாட் என்று பட்டியலிடும் வழக்கம் இம்மாவட்டத்தின் உண்மையான பெறுமதியை மறைத்துவிடுகிறது. மின்சாரம் பிறக்கும் கணத்திலேயே செலவாக வேண்டிய பொருள். எனவே ஒரு மூலம் எவ்வளவு தரும் என்று கேட்பதற்கு முன்னால், எந்த மணிக்குத் தரும், அந்த மணியைத் தீர்மானிப்பவர் யார் என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால், மாத்தளையில் வெயில் நேரே தரும் மின்சாரத்துக்கு நிகரான பயன், பகலில் அணைக்குள் நிறுத்திவைக்க அது இடங்கொடுக்கும் நீரிலும் இருப்பது தெரியவரும்.

உலகின் மின்சாரத்தில் பெரும்பங்கு இன்றும் 1831இல் மைக்கல் பரடே கண்டறிந்த ஒரே வழியில்தான் பிறக்கிறது: காந்தப்புலத்தில் கம்பிச்சுருளோ, சுருளுக்குள் காந்தமோ சுழன்றால் கம்பியில் மின்னோட்டம் எழும். நுரைச்சோலையின் 900 மெகாவாட் நிலக்கரி நிலையத்தில் நீராவி சுழலியைச் சுற்றுகிறது. மன்னார் தம்பபவனியில் காற்று சுற்றுகிறது. மாத்தளையில் விழும் நீர் சுற்றுகிறது. சுழலிக்கு அப்பால் உள்ள மின்பிறப்பாக்கி எல்லாவற்றிலும் ஏறத்தாழ ஒன்றே. நீருக்குள்ள தனிச்சிறப்பு, அதன் கணக்கை யாரும் போட்டுப் பார்க்கலாம் என்பது. ஒரு கன மீற்றர் நீர், அதாவது 1,000 லீற்றர், ஏறத்தாழ 78 மீற்றர் உயரத்திலிருந்து விழுந்தால் இயந்திர இழப்புகள் போக 0.18 அலகு மின்சாரம் கிடைக்கும். உக்குவெல மின்நிலையத்தின் வீழ்ச்சி இந்த அளவினது. ஆகவே அங்கே ஓர் அலகு மின்சாரத்துக்கு ஐயாயிரம் லீற்றருக்கு மேல் நீர் இறங்க வேண்டும். வெயிலின் பெறுமதியை அளக்க இந்த எண் பின்னால் உதவும்.

உக்குவெலவுக்கு நீர் வரும் வழியிலேயே மாத்தளை மின்சாரத்தின் அடிப்படை முரண் தொடங்கிவிடுகிறது. கண்டிக்கு அருகே பொல்கொல்லவில் மகாவலி தடுக்கப்பட்டு, ஏறத்தாழ 8 கிலோமீற்றர் சுரங்கத்தின் வழியே ஒரு பகுதி நீர் மலையைக் கடந்து உக்குவெலவில் விழுகிறது. 1976இல் இயங்கத் தொடங்கிய அந்நிலையத்தின் திறன் ஏறத்தாழ 40 மெகாவாட். அதே நீரைத் திருப்பாமல் மகாவலியிலேயே போகவிட்டால், 1980களில் கட்டப்பட்ட விக்டோரியாவில் 190 மீற்றர் அளவிலான வீழ்ச்சியைச் சந்திக்கும். அங்கே ஓர் அலகுக்கு 2,200 லீற்றர் அளவே போதும். அதற்குக் கீழே ரந்தெனிகல, ரந்தம்பே நிலையங்களும் அந்த நீரை மறுபடி பயன்படுத்தும். மின்சாரம் மட்டும் நோக்கமாக இருந்தால் பொல்கொல்லவில் ஒரு துளியையும் மாத்தளைப் பக்கம் திருப்பக் கூடாது. திருப்புவதற்குக் காரணம் நெல். சுது கங்கையில் சேர்ந்த நீர் அம்பன் கங்கை வழியே உலர் வலயத்துக் குளங்களுக்குப் போகிறது. நாடு இங்கே தெரிந்தே மின்சாரத்தைக் குறைத்துக்கொண்டு சோற்றைத் தேர்ந்தெடுத்தது. அது சரியான தேர்வு என்பதே இக்கட்டுரையின் கருத்து. ஆனால் அதன் விளைவாக மாத்தளையின் மின்நிலையங்கள் வயலுக்குப் பின்னால் வரிசையில் நிற்பவை. பெரும்போகத்துக்கும் சிறுபோகத்துக்கும் திறக்கும் நீர்தான் அவற்றின் எரிபொருள்.

அடுத்த படியான பொவத்தென்னவில் இந்த முரண் இன்னும் கூர்மை. 1981இல் அமைந்த அந்த அணையிலிருந்து நீர் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை சுரங்கம் வழியே தம்புளு ஓயாவுக்கும், அங்கிருந்து ஐந்தாம் நூற்றாண்டில் தாதுசேனன் கட்டிய கலாவெவவுக்கும் போகிறது; இந்தக் கிளையின் நீரால் பொவத்தென்னவில் மின்சாரம் எதுவும் இல்லை. மறு கிளை 40 மெகாவாட் சுழலியைச் சுற்றிவிட்டு அம்பன் கங்கையில் இறங்குகிறது. கலாவெவவுக்குச் செல்லும் ஒவ்வொரு கன மீற்றரும் பொவத்தென்ன இழக்கும் மின்சாரம். இந்த ஆற்றில் கீழே 2018 ஜனவரியில் திறக்கப்பட்டது மொரகஹகந்த நீர்த்தேக்கம். கொள்ளளவு ஏறத்தாழ 570 மில்லியன் கன மீற்றர், மின்திறன் 25 மெகாவாட். அதே ஆண்டில் லக்கல, பல்லேகமப் பக்கத்தில் களு கங்கை அணையும் முடிந்து, அதன் நீர் சுரங்கம் வழியே மொரகஹகந்தவோடு இணைக்கப்பட்டது. நிலத்தையும் பழைய ஊர்களையும் நீருக்குக் கொடுத்துவிட்டுப் புதிய லக்கல நகருக்கும் குடியேற்றங்களுக்கும் போன குடும்பங்களின் இழப்பும் இந்த மெகாவாட்டுகளின் விலையில் அடங்கும். மூன்று நிலையங்களும் சேர்ந்தால் ஏறத்தாழ 105 மெகாவாட். நாட்டின் மாலைநேர உச்சத் தேவை 2,500 மெகாவாட்டைத் தாண்டுவதால் இது சிறிய தொகை. ஆனால் ஒன்றன் கீழ் ஒன்றாக இந்த மூன்றும் நிற்கும் ஒழுங்குதான் முக்கியம்; அதைப் பற்றிச் சற்றுப் பின்னர்.

சூரிய மின்சாரத்தில் சுழலும் பாகம் எதுவும் கிடையாது. ஒளி பட்டால் சில பொருட்களில் மின் எழும் என்பதை 1839இல் பிரான்சின் எட்மண்ட் பெக்கரல் கவனித்தார். ஒளி சிறு சிறு சக்திப் பொட்டலங்களாக இலத்திரனைத் தாக்குகிறது என்ற ஐன்ஸ்டைனின் 1905ஆம் ஆண்டு விளக்கம் அதற்கு அடிப்படை தந்தது. 1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடம் பயன்படத்தக்க சிலிக்கன் கலத்தைச் செய்தது. சிலிக்கன் தகட்டின் ஒரு பக்கத்தில் பொசுபரசும் மறுபக்கத்தில் போரனும் மிகச் சிறிதளவு கலக்கப்படுகின்றன. இரண்டும் சந்திக்கும் எல்லையில் நிலையான மின்புலம் ஒன்று உருவாகிறது. ஒளி விடுவித்த இலத்திரனை அந்தப் புலம் ஒரே திசையில் தள்ளுகிறது. இப்படிக் கிடைப்பது நேரோட்டம். வீட்டுக்கு வேண்டிய 50 ஹேர்ட்ஸ் ஆடலோட்டமாக அதை இன்வேர்ட்டர் மாற்றுகிறது. தகடு சூடேறினால் ஒவ்வொரு பாகை செல்சியஸுக்கும் உற்பத்தி 0.3 முதல் 0.4 வீதம் குறையும் என்பதால் தம்புள்ளையின் நண்பகல் அனலில் கொஞ்சம் இழப்பு உண்டு. அதையும் கழித்துவிட்டுப் பார்த்தால், உலர் வலயத்தில் நல்ல கூரையில் வைத்த ஒரு கிலோவாட் தொகுதி நாளொன்றுக்கு 3.5 முதல் 4 அலகு தரும். 2016இல் தொடங்கிய சூரியபல சங்கிராமய திட்டத்துக்குப் பின் இத்தகைய கூரைத் தொகுதிகள் நாடெங்கும் பெருகின.

மெகாவாட் கணக்கு எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு மாத்தளையே ஒரு நல்ல சான்று. 2025 ஏப்ரலில் இந்தியப் பிரதமரின் வருகையின்போது, மதத் தலங்களின் கூரைகளில் தலா 5 கிலோவாட் வீதம் 5,000 தொகுதிகள் பொருத்தும் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. மொத்தம் 25 மெகாவாட். மொரகஹகந்தவின் மின்திறனும் அதுவே. ஆனால் முன்னது பகல் 11 மணிக்கு முழுத்திறனை நெருங்கி, மாலை 6 மணிக்குப் பின் சுழியமாகும். பின்னது நீர் இருந்தால் எந்த மணிக்கும் இயங்கும்; நீர் திறக்கும் அனுமதி இல்லாவிட்டால் எந்த மணிக்கும் இயங்காது. இலங்கையில் மின்தேவை உச்சத்தைத் தொடுவது மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை, மின்கட்டணமே அந்நேரத்தைத் தனியாகப் பிரிக்கிறது. இரண்டு மூலங்களும் தனித்தனியே குறையுள்ளவை. சேர்ந்தால் குறை பெருமளவு நீங்குகிறது. பகலில் கலேவெலவின் ஒரு கூரை 10 அலகைத் தந்தால், உக்குவெல வழியே இறங்க வேண்டிய 50,000 லீற்றருக்கு மேற்பட்ட நீர் மேலேயே நிற்கலாம். இருட்டியதும் அதை இறக்கினால் அந்தப் பத்து அலகும் உச்ச நேரத்துக்கு மாறிவிடும். மின்கலம் வாங்காமலே சேமிப்பு கிடைக்கிறது.

இதற்கு நீர்ப்பாசனப் பக்கத்திலிருந்து வரும் மறுப்பு வலுவானது. நீர் திறக்கும் நேரத்தைத் தீர்மானிப்பது விவசாயம் என்று மேலே சொல்லிவிட்டு, இப்போது மின்சாரத்துக்காக மாலை வரை நிறுத்தலாம் என்பது முரணில்லையா? போகத்தின் அளவில் பார்த்தால் முரண்தான். ஒரு வாரத்து நீரை அடுத்த மாதத்துக்குத் தள்ள முடியாது. ஆனால் ஒரே நாளுக்குள் பார்த்தால் நிலைமை வேறு. பொவத்தென்னவின் சுழலியைக் கடந்த நீர் இப்போது நேரே வயலுக்குப் போவதில்லை. மொரகஹகந்த நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. அது காலை 10 மணிக்கு வந்ததா, இரவு 8 மணிக்கு வந்ததா என்பது நீர்த்தேக்கத்தின் மட்டத்தில் தெரியாது. உக்குவெலவின் நீரும் அவ்வாறே பொவத்தென்னவின் தேக்கத்தில் ஏந்தப்படுகிறது. ஆக மேலேயுள்ள இரு நிலையங்களுக்கும் நாளுக்குள் நேரத்தை நகர்த்தும் சுதந்திரம் உண்டு. கடைசிப் படியான மொரகஹகந்தவில்தான் மறுப்பு செல்லும். அங்கிருந்து எலஹெர அணைக்கட்டு வழியாகக் கால்வாயில் ஓடும் நீர் சீராக இருக்க வேண்டும். நாலு மணி நேரம் பொங்கிவிட்டு இருபது மணி நேரம் வற்றினால் கரை இடியும். ஆகவே மொரகஹகந்தவின் 25 மெகாவாட்டைச் சீராக ஓடவிட்டு, மேலேயுள்ள 80 மெகாவாட்டை மாலைக்குக் கூட்டுவதே பொருத்தம். கால்வாயின் மறுமுனையில் மகாசேனனின் மின்னேரியாவும் மற்றக் குளங்களும் நீரை ஏந்துவதால், இந்த ஆற்றில் சேமிப்பு புதிதாக வந்ததல்ல. உலர் வலயத்து அரசர்கள் நெல்லுக்காக அமைத்த குளச் சங்கிலியின் தொடர்ச்சிதான் இது.

இரண்டாவது மறுப்பு 2025 பெப்ரவரி 9இன் நாடளாவிய மின்தடையிலிருந்து எழுகிறது. ஞாயிற்றுக்கிழமை முற்பகல், தேவை குறைந்து வெயில் நிறைந்த வேளையில், பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கால் ஏற்பட்ட கோளாறு தீவு முழுவதையும் இருளாக்கியது. நுரைச்சோலையின் மூன்று அலகுகளும் வழமைக்குத் திரும்பச் சில நாட்கள் ஆனதால் மின்வெட்டும் வந்தது. வலையமைப்பில் சூரிய மின்சாரத்தின் பங்கு கூடி, சடத்துவம் குறைந்திருந்ததையும் மின்சார சபை சுட்டிக்காட்டியது. சுழலும் கனத்த இரும்பு, கோளாறு நேர்ந்த முதற் சில வினாடிகளில் தன் வேகத்தால் மீடிறனைத் தாங்கிப் பிடிக்கும். சாதாரண கூரை இன்வேர்ட்டரில் அந்தக் கனம் கிடையாது, மீடிறன் தடுமாறியதும் அது தானாகவே விலகிக்கொள்ளும். அவ்வாண்டு ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் கூரைத் தொகுதிகளைப் பகலில் நிறுத்திவைக்குமாறு உரிமையாளர்களிடம் கேட்கும் நிலையும் வந்தது. இதை வெயிலின் குற்றமாகக் கொள்வது தவறு. ஒரு மூலத்தை மட்டும் வளர்த்து, துணையை வளர்க்காமல் விட்டதன் விளைவு அது. பகலில் நீர்நிலையங்களை அடியோடு நிறுத்தாமல், சிலவற்றைக் குறைந்த சுமையில் சுழலவிடுவது ஒரு வழி. அதற்குக் கொஞ்சம் நீர் செலவாகும், அந்தச் செலவைக் கணக்கில் சேர்த்தே ஆக வேண்டும். மீடிறன் சற்றுத் தடுமாறியவுடன் விலகாத இன்வேர்ட்டர்களைக் கட்டாயமாக்குவதும், உபமின்நிலையங்களில் மின்கலத் தொகுதிகள் வைப்பதும் மற்ற வழிகள். மழை பொய்த்தால் என்ன என்ற கேள்விக்கு விடை எளிது. 2022 மார்ச் 31 அன்று 13 மணி நேர மின்வெட்டு வந்தபோது எரிபொருள் வாங்க அந்நியச் செலாவணியும் இல்லை, அணைகளில் நீரும் தாழ்ந்திருந்தது. வறட்சியான ஆண்டில் வெயில் குறைவதில்லை. வடகீழ்ப் பருவமழையில் மாத்தளையின் கூரைகள் சோர்ந்திருக்கும் மாதங்களில்தான் நக்கிள்ஸின் கிழக்குச் சரிவுகள் அணைகளை நிரப்புகின்றன.

மற்ற மூலங்கள் இங்கே துணைப் பாத்திரங்களே. மலையோடைகளில் அமையும் சிறு நீர்மின் நிலையங்கள், தேக்கம் இல்லாததால், மழைக்கேற்ப மட்டுமே ஓடும். ரிவஸ்டன் கணவாயில் ஆளைத் தள்ளும் காற்று உண்டு. ஆனால் நக்கிள்ஸ் காடு 2010 முதல் உலக மரபுரிமை நிலம் என்பதால் பெருங்கோபுரங்களுக்கு அது இடமன்று, மன்னாரே இடம். கவனத்துக்குரியது கிளிரிசிடியா. மிளகுக் கொடி படர மாத்தளைத் தோட்டங்களில் நடப்படும் இம்மரத்தை அரசு 2005இல் நான்காவது பெருந்தோட்டப் பயிராக அறிவித்தது. வெட்டும் கிளைகளை எரித்து நீராவிச் சுழலியை இயக்கலாம். இரவிலும் இயங்கும், விவசாயிக்கும் பணம் வரும். கிளைகளைச் சேர்த்து ஏற்றிச் செல்லும் செலவுதான் அதன் தடை.

கடைசி மறுப்பு நீதி பற்றியது. எனக்கு அதுவே மிகக் கனமானது. கூரை வைத்திருப்பவருக்கே கூரை மின்சாரத்தின் வருமானம். உக்குவெல, ரத்தோட்டை, எல்கடுவைப் பக்கத்துத் தோட்டங்களில் லயன் அறைகளில் வாழும் குடும்பங்களுக்கு அந்தக் கூரை சொந்தமில்லை. தலைமுறைகளாக அதன் கீழ் வாழ்ந்தும் ஒரு தகடு பொருத்த அவர்களுக்கு உரிமை கிடையாது. இதைக் காரணம் காட்டிச் சூரிய மின்சாரத்தை நிறுத்துவது யாருக்கும் உதவாது. தோட்டப் பாடசாலை, கோயில், கூட்டுறவுக் கடை ஆகியவற்றின் கூரைகளில் பொதுத் தொகுதி ஒன்றை அமைத்து, அதன் அலகுகளைப் பங்குதாரரான ஒவ்வொரு குடும்பத்தின் மின்கட்டணத்திலும் கழிக்கும் முறை வேண்டும். நில உரிமைக்கான நீண்ட போராட்டம் முடியும் வரை காத்திருக்காமல் இதைத் தொடங்கலாம். மலைச்சரிவுத் தோட்டத்தின் பங்குத் தகடுகள், வெயில் கூடிய தம்புள்ளைச் சமவெளியின் பொதுக் கட்டடங்களிலும் இருக்கலாம்.