கடன் தீர்ந்தவரின் கடமை

மாமல்லபுரத்திற்கு வடக்கே கோவளம், தெற்கே சதுரங்கப்பட்டினம். கோவளத்தில் கார்மேல் அன்னையின் ஆலயம். சதுரங்கப்பட்டினத்தின் இடிந்த கோட்டையில் ஒல்லாந்தரின் கல்லறைகள். அவர்கள் நாட்டுத் திருச்சபையோ கால்வினின் சீர்திருத்த மரபில் வந்தது. ஒரே கடற்கரை, ஒரே கிறிஸ்து; ஆயினும் இரு வேறு மறைக்கல்வி. இவ்வழியே செல்லும்போதெல்லாம் பழைய வழக்கு ஒன்று நம் நெஞ்சில் எழும்.

அண்மையில் அவ்வழக்கை மீண்டும் நம்முன் வைத்தவர் பங்கு இளைஞர் ஒருவர். "சாமி, நம்பினாலே மீட்பு என்றால், நம்பிவிட்டுப் பாவம் செய்தாலும் மீட்புதானே?" என்றார். அவர் விளையாட்டாகக் கேட்கவில்லை என்பது பின்னரே விளங்கியது.

"அது பிரிந்த சபையாரின் கொள்கை, நமக்கு அந்தத் தொல்லை இல்லை" என்று சொல்லித் தப்பிவிடலாம். நாம் சிறுவராய் இருந்தபோது பெரியவர்கள் அப்படித்தான் சொன்னார்கள். வரலாறு அவ்வாறு தப்பவிடுவதில்லை.

இக்கேள்வி லுத்தருக்கும் முந்தியது. உரோமையர் திருமுகத்தின் ஆறாம் அதிகாரத்தில் திருத்தூதர் பவுலே இதை எழுப்பி, உடனே மறுக்கிறார். திருமுழுக்கில் பாவத்திற்கு இறந்தவர் அதிலேயே வாழ்வது எப்படி என்பதே அவர் வாதம். 1530-களில் லுத்தரின் மாணவரான அகிரிகோலா, நம்பிக்கை கொண்டவருக்குத் திருச்சட்டத்தைப் போதிக்கத் தேவையில்லை என்றபோது, அவரை முன்னின்று எதிர்த்தவர் லுத்தரே. 1539-இல் அதற்கென்றே ஒரு நூலும் எழுதினார்.

நம் பக்கத்தையும் நேர்மையோடு காண்போம். திரிதெந்துப் பொதுச்சங்கம் 1547 சனவரி 13 அன்று, கிறிஸ்துவின் அருளின்றித் தன் செயல்களாலேயே மனிதர் இறைவனுக்கு ஏற்புடையவராகலாம் என்போரை முதலில் கண்டித்தது. கட்டளைகள் கிறிஸ்தவரைக் கட்டுப்படுத்தா என்போரையும் கண்டித்தது. ஏற்புடைமையின் தொடக்கமும் வேரும் நம்பிக்கையே என்று கற்பித்தது. ஆக, அருளே முதல் என்பதிலும், பாவத்திற்கு உரிமம் இல்லை என்பதிலும் இரு தரப்பாரும் நாம் நினைத்ததைவிட அருகிலேயே நின்றார்கள்.

தமிழ் மண்ணில் இவ்விரு மரபுகளின் மோதல் சூடேறியது தரங்கம்பாடியை ஒட்டித்தான். 1706 சூலை 9-இல் லுத்தரன் மறைப்பணியாளர் சீகன்பால்கு அங்கே வந்திறங்கினார். பின்னர் மதுரை மறைத்தளத்தின் வீரமாமுனிவர் 'வேத விளக்கம்', 'பேதகம் மறுத்தல்', 'லுத்தேரினத்தியல்பு' எனத் தம் தமிழ்ப் புலமையெல்லாம் திரட்டி லுத்தரன் சபையினரை மறுத்தார். தமிழ் உரைநடை அதனால் வளம் பெற்றது. உறவு வளம் பெறவில்லை.

ஆனால் நூல்களைவிட ஒரு நிகழ்ச்சி நம்மை அதிகம் தைக்கிறது. 1708-இல் தரங்கம்பாடியில் ஏழைக் கைம்பெண் ஒருவர், இறந்த கணவரின் கடன் தொடர்பான வழக்கில் நீதியின்றித் தவித்தார். எதிர்த்தரப்பில் நின்றவர் டேனிய வாணிகக் கழகத்தின் மொழிபெயர்ப்பாளரான கத்தோலிக்கர். சீகன்பால்கு கைம்பெண்ணின் பக்கம் நின்றார். டேனியத் தளபதிக்கு அது பொறுக்கவில்லை. விளைவு, ஏறத்தாழ நான்கு மாதச் சிறை. செயல்களால் மீட்பை ஈட்ட முடியாது என்று போதித்தவர், ஒரு நற்செயலுக்காகச் சிறை புகுந்தார்! நம்பிக்கை அவரைக் கடமையினின்று விடுவிக்கவில்லை; கடமை செய்யும் துணிவைத் தந்தது.

1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் ஏற்புடைமை பற்றிய கூட்டறிக்கையில் கையொப்பமிட்டன. ஏற்புடைமை அருளின் கொடை, நற்செயல்கள் அதன் கனிகள் என்பது அதன் சாரம். வேறுபாடுகள் முற்றும் தீரவில்லை. ஆனால் இந்த அடிப்படையில் பழைய கண்டனங்கள் இன்று மற்றவரைச் சாரா என்று இருவரும் ஒப்பினர். கனி மரத்தை உண்டாக்குவதில்லை. கனியே தராத மரத்தைக் கண்டால் வேரைத் தோண்டிப் பார்க்கத்தான் வேண்டும்.

இனி அந்த இளைஞரிடம் திரும்புவோம். பாகப்பிரிவினையில் அவருடைய பங்கை அண்ணன் எடுத்துக்கொண்டாராம். கேட்டால், "பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டேன், ஆண்டவர் மன்னித்துவிட்டார்" என்கிறாராம். அன்பர்களே, இந்த அண்ணன் லுத்தரன் அல்லர். ஞாயிறு தவறாமல் திருப்பலிக்கு வருபவர். பிறர்மேல் நாம் சுமத்திய குற்றம் நம் வீட்டு வாசலிலேயே குந்தியிருக்கிறது! நம்பிக்கையை உரிமமாக்குவது பாவம் என்றால், ஒப்புரவு அருளடையாளத்தை உரிமமாக்குவது மட்டும் புண்ணியமா? பறித்ததைத் திருப்பித் தரும் மனமில்லாத மனத்துயர் மெய்யான மனத்துயர் ஆகாது என்பதே நம் திருச்சபையின் பழைய போதனை. சக்கேயு மன்னிப்பை விலைக்கு வாங்கவில்லை. இயேசு அவர் வீட்டைத் தேடி வந்த பின்னரே அவர் கை திறந்தது. ஆனால் திறந்தது.

"நம்பிக்கை உமது அண்ணனுக்குப் பாவம் செய்ய விடுதலை தரவில்லை, தம்பி, நிலத்தைத் திருப்பித் தரும் விடுதலையைத் தந்திருக்கிறது. அவர் அதை இன்னும் பயன்படுத்தவில்லை" என்றோம். அண்ணனிடமும் இதையே சொல்லியிருக்கிறோம். நிலம் இன்னும் திரும்பவில்லை. நாம் மீண்டும் போவோம்.